ஃபிர்மினா உதிர்த்தவை

மழை பொய்த்த இரண்டாம் ஆண்டு, ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பதினோரு மணி வாக்கில், ஃபிர்மினாவின் நிழல் அவள் குதிகாலிலிருந்து கழன்று ஆட்டுப்பட்டியின் வாசலில் விழுந்தது. அவள் கவனிக்கவில்லை, தலையில் கள்ளிக்கட்டோடு நேரே நடந்து போய்விட்டாள். கவனித்தவன் அவள் கணவனின் தம்பி திபூர்சியோ. குதிரையிலிருந்து விழுந்து இடுப்பு நொறுங்கிய நாள் முதலாகத் தோல் நாற்காலியில் உட்கார்ந்து உலகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவனுக்கு வேலை. காற்று வந்து அதை முள்வேலியில் இழுத்துக் கிழிப்பதற்குள் கைத்தடியால் தன் பக்கம் இழுத்து, புழுதியை உதறி, நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டான். ஒரு துவைத்த பாவாடை அளவுக்குத்தான் கனம் இருந்தது என்று பிற்பாடு கேட்டவர்களிடம் சொன்னான். அன்று மாலை ஃபிர்மினா தனக்குரிய மூன்று குவளைத் தண்ணீரில் ஒன்றைக் குடிக்காமல் வைத்தாள். தாகம் இல்லை என்றாள்.

பெத்ரா லீசாவில் அப்போது நாற்பத்தொரு வீடுகள் இருந்தன. ஆள் இருந்தது ஒரே வீட்டில். முதல் ஆண்டு டிசம்பரில், புனித லூசியா திருநாளுக்கு முந்தைய இரவு, வழக்கம்போல ஆறு உப்புக்கல்லைப் பலகையில் வரிசையாகக் கூரைமேல் வைத்திருந்தார்கள். ஜனவரி முதல் ஜூன் வரை மாதத்துக்கு ஒரு கல்; விடியும்போது எந்தக் கல் கசிந்திருக்கிறதோ அந்த மாதத்தில் மழை. விடிந்து பார்த்தபோது ஏழு கல் இருந்தது. ஏழும் பொரியரிசி மாதிரி உலர்ந்திருந்தது. மார்ச்சில் புனித யோசேப்பின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினார்கள். வானம் கழுவிக் கவிழ்த்த தட்டாகவே இருந்தது. அதற்கு முன்பே மரஞ்செடிகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை நடக்கும்போது காடு மொத்தமும் ஒரே நேரத்தில் இலையுதிர்த்தது. அந்தச் சத்தத்தில் பாதிரியாரின் பிரசங்கம் யாருக்கும் கேட்கவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தவர்கள் வெள்ளைக் காட்டைப் பார்த்தார்கள். பட்டையும் எலும்புமாய் நின்ற மரங்கள் செத்தது போலத் தெரிந்தன, ஆனால் நகத்தால் கீறினால் உள்ளே பச்சை இருந்தது. மேட்டில் நின்ற மண்டகாருக் கள்ளிகள் விடிந்ததும் தங்கள் தோலிலிருந்த கண்களையெல்லாம் மூடிக்கொண்டன. ஆயிரம் டிரங்குப் பெட்டிகளைச் சாத்தினது போல ஒரு சத்தம் கேட்கும். ஊரார் அதை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். ஜுவா மரம் ஒன்று மட்டும் கோடையைப் பற்றித் தகவல் வராதது போலப் பச்சையாக நின்றது. கிணற்றை ஆழப்படுத்தப் போனவர்கள் இருபத்தெட்டு முழத்தில் அதன் வேரைப் பார்த்தார்கள். வேர் இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் ஊறவில்லை, வேர் மட்டும் ஈரமாயிருந்தது.

ஜனங்கள் கிளம்பினார்கள். ரயிலடிக்கு நான்கு நாள் நடை. ஃபிர்மினாவின் கணவன் ஒனோராத்தோ கடைசி வரை தாக்குப்பிடித்தான். கடைசிப் பசு செத்த அன்று அவனும் மூட்டை கட்டினான். திபூர்சியோவைத் தூளியில் கிடத்தி, ஆளுக்கொரு முனையாகத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்பது அவன் திட்டம். திபூர்சியோ ஒத்துக்கொள்ளவில்லை.

"பொணத்தத்தான் தூளியில தூக்குவாங்க. நான் இன்னும் சாகலண்ணே. நீங்க ரெண்டு பேரும் போங்க. ஒரு ஆட்ட மட்டும் விட்டுட்டுப் போங்க, பேச்சுத்துணைக்கு."

ஃபிர்மினா மூட்டையைப் பிரித்துத் தன் துணிகளை மறுபடி கொடியில் போட்டாள். அவ்வளவுதான் அவள் பதில். பதினொரு வருடக் குடித்தனத்தில் அவள் துணியை மடித்தால் என்ன அர்த்தம், கொடியில் போட்டால் என்ன அர்த்தம் என்பது ஒனோராத்தோவுக்குத் தெரியும். தெற்கே அணை கட்டுகிறார்கள், கூலி கிடைக்கும், மழை விழுந்த சேதி வந்ததும் திரும்பிவிடுவேன் என்று சொல்லி, வேலிவரை போய், திரும்பி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிள்ளையில்லாத வீடு, விடைபெற வேறு ஆளில்லை. பிறகு போனான்.

அதன்பின் ஊரில் மிஞ்சியது இரண்டு மனிதர், ஆறு ஆடு, வீட்டுக்குப் பின்னால் ஓர் உம்பு மரம். மற்றக் கொல்லைகளிலும் உம்பு உண்டு, ஆனால் அடுத்தவர் மரத்தில் ஃபிர்மினா கைவைக்கமாட்டாள். இது ஊரிலேயே பெரியது, குடை மாதிரி படர்ந்த மரம். இலையெல்லாம் கொட்டிவிட்டு, வெயிலில் காய்ந்த எலும்புக்கூடாக நின்றது. ஆனால் அதன் அடியில், வேர்களில், பூசணிக்காய் பூசணிக்காயாகக் கிழங்குகள் தொங்கின. மழைக்காலத்தில் குடித்ததையெல்லாம் மரம் அங்கேதான் சேர்த்து வைக்கும். நல்ல மரத்தில் ஐம்பது அறுபது குடம் தண்ணீர் இருக்கும். கிழங்கைத் தோண்டிப் பிழிந்தால் லேசான இனிப்போடு குடிக்கத் தக்க நீர் வரும். சக்கையை ஆடு தின்னும். முதல் வாரம் ஃபிர்மினா மூன்று கிழங்கு தோண்டினாள். நான்காம் நாள் மரத்தின் ஒரு கிளை படீரென்று முறிந்து விழுந்தது. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்றுதான். எடுத்த குழியை மண்ணிட்டு மிதித்து மூடுவாள். மற்ற நேரத்தில் கள்ளியின் முள்ளைத் தீயில் பொசுக்கி ஆடுகளுக்குப் போடுவதும், மரத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். படிப்பறியாதவள், ஆனால் பூசைப் புத்தகத்தைப் பாதிரியார் பார்ப்பதுபோல அந்த மரத்தைப் பார்த்தாள் என்று திபூர்சியோ சொல்வான்.

"அதுக்குக் காலு இல்ல பாரு," என்றாள் ஒருநாள். "ரயிலடிக்கு நடக்க முடியாது. அதனால யோசிச்சிருக்கு. கையில இருக்கறதயெல்லாம் கீழ போட்டுடுது. வேருல இருக்கறத மட்டும் வச்சிக்கிடுது."

"உங்ககிட்ட கீழ போட என்ன இருக்கு மதினி? ரெண்டு பாவாடையும் ஒரு சீப்பும்."

அதற்கு அடுத்த வாரம்தான் நிழல் விழுந்தது. ஆகஸ்டில் தலைமுடி போனது. ஒரே காலையில், புருவம் உட்பட. திபூர்சியோ கூட்டிப் பெருக்கி, காலியாகக் கிடந்த மரவள்ளி மாவுப் பெட்டியில் நிழலுக்குப் பக்கத்தில் வைத்தான். சீப்பும் இனிமேல் வேண்டாம், ஒரு செலவு மிச்சம் என்றான். செப்டம்பரில் அவளுக்கு வியர்வை நின்றது. தோலில் மெழுகு பூசினது போல ஓர் ஏடு படர்ந்தது. விரலால் தொட்டால் வெள்ளைப் பொடி ஒட்டும், வெயில் அதில் பட்டு வழுக்கி விழும். அக்டோபரில் அவள் பகலில் மூச்சு விடுவதை நிறுத்தினாள். கள்ளிகள் கண்மூடும் அதே நேரத்தில் ஒரு மூச்சு நெஞ்சு நிறைய இழுத்து, வாயையும் மூக்கையும் அடைத்துக்கொண்டு, அந்த ஒரே மூச்சில் பட்டியைக் கூட்டி, கள்ளி வெட்டி, முள் பொசுக்கி, திபூர்சியோவின் இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்து, வெயில் தாழ்ந்ததும்தான் வெளியே விடுவாள். இதனால் தண்ணீர்ச் செலவு பாதியாகக் குறைந்தது. குறையும் இருந்தது. பகல் முழுக்கப் பேச முடியாது.

திபூர்சியோ இதைப் பெரிய அநியாயமாக எடுத்துக்கொண்டான். காலையிலிருந்து அவளிடம் கேட்டுக்கொண்டே இருப்பான்: கிழவி ஆடு தின்றதா, தெற்கே தெரிந்தது மேகமா புழுதியா, அண்ணன் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பான், போன பிறவியில் நான் என்ன பாவம் செய்து இந்தக் கற்சிலையோடு குடித்தனம் பண்ணுகிறேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். சூரியன் மேட்டுக்குப் பின்னால் இறங்கியதும், முதல் மூச்சை விட்டுவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து அவன் கேட்ட வரிசையிலேயே பதில் சொல்லுவாள்: "தின்னுச்சு. புழுதி. கல்லு சுமப்பாரு. குதிரைய அடிச்சிருப்ப." இப்படியாக அவர்கள் ஒருநாளும் பேசாமல் தூங்கியதில்லை.

நவம்பரில் இரண்டு ஆடுகள் செத்தன. ஃபிர்மினாவுக்குக் கண்ணீர் வரவில்லை. அதை எப்போது உதிர்த்தாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. திபூர்சியோ தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை. சின்னப் பொருள், எங்காவது மண்ணில் போயிருக்கும் என்று விட்டுவிட்டான்.

மூன்றாம் ஆண்டின் பிப்ரவரியில், பிற்பகல் இரண்டு மணிக்கு, அறுபத்து மூன்று பேர் பெத்ரா லீசாவுக்குள் நுழைந்தார்கள். மேற்கே எங்கோ கடைசிக் குட்டை வற்றிக் கிளம்பியவர்கள். கிளம்பும்போது எழுபது பேர். முன்னால் வந்தவன் கிரிஸ்பிம் என்ற அகன்ற தோள்காரன். வழியில் தன் இரண்டு பிள்ளைகளைப் புதைத்த மண்வெட்டியை இன்னும் தோளில் வைத்திருந்தான். திறந்து கிடந்த வீடுகளில் பானைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள், உம்பு மரத்தைக் கண்டதும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் அதை நோக்கி நடந்தார்கள். செர்தாவ் என்ற இந்த வறண்ட உள்நாட்டில் பிறந்தவனுக்கு அந்த மரத்தின் அடியில் என்ன இருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. கிரிஸ்பிம் அடிமரத்தை ஒட்டியே மண்வெட்டியை ஓங்கினான். கிழங்கு கொத்தாக இருப்பது அங்கேதான்.

"அடியில வெட்டாதய்யா," என்று திபூர்சியோ நாற்காலியிலிருந்து கத்தினான். "மாட்டக் கொன்னு பாலு கறக்கப் பாக்குறியே."

கிரிஸ்பிம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மண்வெட்டி இறங்க வேண்டிய இடத்தில் ஒரு பாதம் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தான். மயிரில்லாத, நிழலில்லாத, வெள்ளைப் பொடி பூத்த ஒரு பெண் நின்றாள். பின்னால் வந்தவர்களில் சிலர் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார்கள். வெயில் உக்கிரமாக இருந்தது. அந்த நேரத்தில் ஃபிர்மினா வாய் திறந்தாள். நான்கு மாதத்தில் பகலில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. திறந்ததும் உள்ளே சேர்த்து வைத்திருந்த ஈரம் சட்டி மூடியைத் தூக்கினது போல ஆவியாகப் போனதை எல்லாரும் பார்த்தார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் முகம் ஒரு சுருக்கம் வாங்கியது.

"அடியில வெட்டினா இன்னைக்கு எல்லாரும் குடிக்கலாம். நாளைக்கு மரம் இருக்காது. ஓரத்துல வெட்டுங்க. ஆளுக்கு ஒண்ணு. எடுத்த குழிய மூடிடணும்."

"மரத்தப் பாக்கவா தாயி, பிள்ளையப் பாக்கவா?" கிரிஸ்பிமின் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான்.

"ரெண்டையும் மரம் பாத்துக்கிடும். நீங்க ஓரத்துல வெட்டுங்க."

அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு இருபது தப்படி பின்னால் நடந்து, கிளை நுனிக்கு நேர்கீழே வெட்டினான். ஓரத்தில் எத்தனை கிழங்கு இருக்கும் என்று திபூர்சியோவுக்குத் தெரியும். மிஞ்சிப் போனால் முப்பது. முப்பது எடுத்தார்கள். மண்வெட்டி முப்பத்தொன்றாவது கிழங்கில் பட்டது. அதற்குக் கீழே இன்னொன்று. களைப்பில் தரையில் காதை வைத்துப் படுத்திருந்தவர்களுக்குத்தான் முதலில் கேட்டது. மண்ணுக்குள் ஏதோ நகரும் ஓசை, தோல்பையில் தண்ணீரைச் சுமந்துகொண்டு கழுதைகள் வரிசையாய் வருவது போல. காலியான நாற்பது வீடுகளின் கொல்லையிலும், அதற்கப்பால் மேடு வரையிலும் நின்ற உம்பு மரங்களெல்லாம் தங்களிடம் இருந்ததில் கொஞ்சம் கொஞ்சமாக வேர் வழியே இந்த மரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. பொழுது சாய்வதற்குள் அறுபத்து மூன்று கிழங்குகள் எடுத்தார்கள். மறுநாள் போய்ப் பார்த்தபோது சுற்றுவட்டார மரங்களின் பட்டையெல்லாம் கறந்து முடித்த மடியைப் போலச் சுருங்கிக் கிடந்தது. ஒன்றுகூடச் சாகவில்லை. இது எப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் பெத்ரா லீசாவில், ஒரு வீட்டில் கூரை வேய்ந்தால் பக்கத்து வீட்டார் கைகொடுப்பதில்லையா, அதுபோலத்தான் என்பார்கள். அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை என்பது அவர்கள் கருத்து.

வந்தவர்கள் மூன்றாம் நாள் கிளம்பிப் போனார்கள். எல்லாக் குழியையும் மூடிவிட்டே போனார்கள். கிரிஸ்பிம் ஒவ்வொன்றையும் மிதித்துப் பார்த்தான். அவர்களில் ஜசீரா என்ற பெண்ணுக்குக் கைக்குழந்தை, பால் வற்றிவிட்டிருந்தது. ஃபிர்மினா அந்த வாரத்துக்கான தன் கிழங்கை அவளிடம் கொடுத்தனுப்பினாள். நடுவெயிலில் வாய் திறந்ததில் போனது போக, இதுவும் போனது. அவளுக்கென்று எதுவும் மிஞ்சவில்லை. அவள் உடம்பு நீர் வற்றிய கள்ளியின் வரிகளைப் போல நெடுக மடிந்து உள்வாங்கியது. படுத்த இடத்திலிருந்து எழவில்லை. திபூர்சியோ நாற்காலியை விட்டு இறங்கி, தரையில் கையூன்றித் தவழ்ந்து வந்து தன் குவளையை நீட்டினான். வேண்டாம் என்று தலையசைத்தாள். வெயில் இறங்கியதும் பேசினாள்.

"எதையாவது உதிர்க்கணும் திபூர்சியோ. இருக்கறதுல எது நெறைய தண்ணி குடிக்குதுன்னு பாத்தேன். உங்கண்ணன நெனைக்கறதுதான். காலையில எந்திரிச்சதும் ஒரு குவள. வேலிப் பக்கம் பாக்கறப்பல்லாம் ஒரு மொடக்கு."

திபூர்சியோ கையிலிருந்த குவளையைத் தரையில் வைத்தான். "அது வேண்டாம் மதினி," என்றான். "வேணும்னா என்ன உதிர்த்துடுங்க. நான் இங்கதான கெடக்கேன், எப்படியாவது திரும்ப ஒட்டிக்கிடுவேன். அவன் தூரத்துல இருக்கான்."

"உன் நெனப்பு தண்ணி குடிக்கல. நீ கண்ணு முன்னால இருக்க. தூரத்துல இருக்கறதுதான் குடிக்குது."

மரம் இலையைப் பிய்த்து எறிவதில்லை. காம்பு சேருமிடத்தில் முதலில் உள்பக்கமாக ஒரு தழும்பு கட்டி, காயத்தை ஆற்றி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகே விடும். ஃபிர்மினாவுக்கும் மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் ஒனோராத்தோவின் குரல் எப்படி இருக்கும் என்பது போனது. இரண்டாம் நாள், தூக்கத்தில் அவன் கோவேறு கழுதைகளை அதட்டும் பழக்கம். அதை நினைத்து அவள் கடைசியாக ஒருமுறை சிரித்தாள். மூன்றாம் நாள் முகம். நான்காம் நாள் விடியும்போது பாயின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்தில், நரம்பு தெரிகிற, காய்ந்த ஒன்று கிடந்தது. திபூர்சியோ எடுத்தான். மாவுப் பெட்டியில் வைக்கத்தான் எடுத்தான், தொட்டதும் பொடிந்துவிட்டது. அதைக் கூட்டி அள்ளித் தவழ்ந்துபோய் உம்பு மரத்தடியில் போட்டு மண்ணைத் தள்ளினான். அன்று அழுததால் அவனுக்குத்தான் ஒரு குவளைத் தண்ணீர் நஷ்டம். ஃபிர்மினா அன்று அரைக்குவளை குடித்துவிட்டு எழுந்து, பட்டியைக் கூட்டினாள். வேலிப் பக்கம் பார்க்கவில்லை.

அந்த ஆண்டு நவம்பரில், நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது, உம்பு மரம் பூத்தது. ஓர் இலைகூட இல்லாமல், கிளைகள் மறைய மறைய வெள்ளைப்பூ. கடைசியாக மிச்சம் வைத்திருந்த தண்ணீரை எடுத்து அது பூவுக்குச் செலவு செய்திருந்தது. எங்கிருந்து வந்தன என்று தெரியாத தேனீக்கள் அதைச் சுற்றி இரைந்தன. திபூர்சியோ தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். கோயிலில் செய்வதைத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று பிற்பாடு சமாதானம் சொன்னான்.

ஜனவரி ஒன்பதாம் தேதி மழை விழுந்தது. பதினோரு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாளே காடு செம்புநிறத் தளிர்விட்டது. ஐந்தாம் நாள் பச்சை. பாறைமேல் கைமூடிக் கிடந்த பாசிகள் மூன்று வருடம் கழித்து விரல் விரித்தன. மண்ணுக்குள் காத்திருந்த விதைகள் முளைக்கும் நறநறப்பில் ஆடுகள் மிரண்டு ஓடின. ஃபிர்மினா மழையில் நின்று, பகலில், மூச்சு விட்டாள். தலையில் தளிரின் அதே செம்புநிறத்தில் முடி முளைத்தது. வியர்த்தது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகை வந்தது. திபூர்சியோ மாவுப் பெட்டியைத் திறந்து பழைய நிழலை எடுத்து உதறி அவள் காலடியில் வைத்துப் பார்த்தான், பொருந்தவில்லை. குதிகாலிலிருந்து புதியது ஏற்கெனவே வெளிறிய நிறத்தில் தலைகாட்டியிருந்தது. பழையதை அவன் நாற்காலிக்கு மெத்தையாகப் போட்டுக்கொண்டான்.

பத்தொன்பது குடும்பங்கள் திரும்பின. மார்ச் மாதக் கடைசியில் ஒனோராத்தோ வந்தான். மெலிந்து, இடது கையில் ஒரு விரலைக் கல்லுக்குக் கொடுத்து, பூப்போட்ட துணி இரண்டு கெஜம் அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து வேலியைத் திறந்தான். ஃபிர்மினா அவரையைக் களைகொத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, கையை நெற்றிக்குக் கொடுத்துப் பார்த்தாள்.

"யாரு வேணும்ங்க?"

அவன் சிரித்தான். "கோவமா இருக்கியா? சேதி அனுப்ப ஆளு கெடைக்கல பிள்ள. நான் என்ன செய்வேன்?"

"கோவம் இல்லீங்க. தெரிஞ்ச முகமா இல்ல. தாகமா இருந்தா பானையில தண்ணி இருக்கு."

துணி அக்குளிலிருந்து நழுவி ஈரமண்ணில் விழுந்தது. அன்று முழுக்கத் திபூர்சியோதான் பேசினான். நிழலில் தொடங்கி ஒன்றும் விடாமல் சொன்னான். ஒனோராத்தோ கேட்டு முடித்ததும் எழுந்து போய் உம்பு மரத்தடியில் கையால் தோண்டினான். முழங்கை ஆழம் தோண்டினான். வேரும் ஈரமும் இரண்டு மண்புழுவும் கிடைத்தன. "உதிர்ந்த எலயத் தேடி எந்த மரமாச்சும் குனிஞ்சிருக்காண்ணே," என்றான் தம்பி. ஒனோராத்தோ தம்பியை அடிக்கக் கை ஓங்கி, ஓங்கிய கையோடு உட்கார்ந்துவிட்டான். அவளைப் பட்டினியிலும் தாகத்திலும் விட்டுவிட்டுப் போனது தான்தான் என்பதும், தன்னை நினைக்காமல் இருந்ததால்தான் அவள் இன்று அவரையைக் கொத்திக்கொண்டிருக்கிறாள் என்பதும் அவனுக்குப் புரிய அந்தி ஆனது. புரிந்ததும் எழுந்து, தோண்டிய குழியை மூடி மிதித்தான். அதைத் தூரத்திலிருந்து ஃபிர்மினா பார்த்தாள். புதிதாக வந்த ஆளிடம் அவளுக்குப் பிடித்த முதல் விஷயம் அதுதான்.

மறுநாள் காலையில் அவன் வாசலில் நின்று வேலை கேட்டான். சாப்பாடும், பட்டிக்குப் பக்கத்துக் கொட்டகையில் படுக்கையும் என்று பேச்சு. சொந்த வீட்டில் கூலிக்காரன் என்று குளத்தங்கரையில் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "பொண்டாட்டிகிட்டயே சம்பளம் பேசின மொத ஆம்பள நீதான்யா," என்றாள் ஒருத்தி. அவன் பொறுத்துக்கொண்டான். வேறு வழியும் இல்லை. வேற்றாளாக வந்தவன் எல்லாவற்றையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. காப்பி உங்களுக்கு எப்படி வேண்டும் என்று கேட்டான். பதினொரு வருடம் அவள் போட்ட காப்பியைக் குடித்தவன் அதைக் கேட்டதேயில்லை. உம்புப்பழத்தைப் பாலில் கரைத்தால் அவளுக்குப் பிடிக்காது, உப்பு தொட்டுத் தின்னத்தான் பிடிக்கும் என்று அப்போதுதான் அறிந்தான். இடியென்றால் பயம், ஆனால் வெளியில் சொல்லமாட்டாள் என்றும், ஏழு வயதில் ரயிலைப் பார்க்கக் கிளம்பிப் பாதி வழியில் பிடிபட்டவள் என்றும் அறிந்தான். அவள் சொல்லும்போது அவன் கை வேலையை நிறுத்திவிடுவான். இந்த ஆள் நல்லாக் கேட்கிறார் என்று அவள் திபூர்சியோவிடம் சொன்னாள். திபூர்சியோ, இருக்கலாம், அணைக்கட்டில் கற்றுக்கொண்டிருப்பார் என்றான்.

இரண்டாம் மழைக்காலம் போய், புனித யோவான் திருநாளன்று ஊர் நடுவில் தீ மூட்டிச் சோளம் சுட்டபோது, ஃபிர்மினா தான் உட்கார்ந்திருந்த மரக்கட்டையில் நகர்ந்து இடம் விட்டு அவனைப் பார்த்தாள். அவன் உட்கார்ந்தான். ஆகஸ்டில் இருவரும் லிபோரியோ பாதிரியாரிடம் போனார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பழைய பதிவேட்டைப் புரட்டி, பதினாலு வருடத்துக்கு முந்தைய பக்கத்தில் விரல் வைத்தார்.

"இவனுக்கும் உனக்கும் நானே கல்யாணம் பண்ணி வச்சிருக்கேன் மகளே."

"இருக்கும் சாமி. அது யாரோ எனக்குத் தெரியாது. நான் கேக்கறது இவர."

பாதிரியார் ஒனோராத்தோவைப் பார்த்தார். அவன், "அவ சொல்றது சரிதான் சாமி," என்றான். மேலிடத்துக்கு எழுதிக் கேட்கலாமா என்று அவர் யோசித்தார். பதில் வர ஒரு வருடம் ஆகும், அதற்குள் இன்னொரு வறட்சி வந்துவிடும். சனிக்கிழமை வரச்சொன்னார். திபூர்சியோ தூளியில் வந்தான். கல்யாணத்துக்குத் தூளியில் தூக்கிப் போகலாம், அது வேறு என்று விளக்கம் சொன்னான். மாப்பிள்ளையும் கிரிஸ்பிமும் ஆளுக்கொரு முனை பிடித்தார்கள். கிரிஸ்பிம் மனைவியோடும் மிஞ்சிய ஒரு மகளோடும் அந்த ஆண்டுதான் பெத்ரா லீசாவில் வந்து குடியேறியிருந்தான்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து மறுபடி உப்புக்கல் ஏழானது. அந்த முறை ஊரைவிட்டு ஒருவரும் போகவில்லை. காடு வெளுத்த வாரத்திலேயே அவரவர் வீட்டில் உட்கார்ந்து எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பேசி முடித்தார்கள். ஒருவன் பங்காளிச் சண்டையை உதிர்த்தான். ஒருத்தி சின்ன வயசுப் பாட்டுகளையெல்லாம் விட்டாள். சிலர் விடக்கூடாததையும் விட வேண்டிவந்தது. வறட்சி இரண்டு ஆண்டு நின்றது. மழை விழுந்து முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பெத்ரா லீசாவில் இப்போதும் செய்வதைப் போல, எல்லாரும் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வீடுவீடாகப் போய், வாசலில் நின்று, தங்கள் பெயரையும் தாங்கள் யாருக்கு என்ன உறவு என்பதையும் சொன்னார்கள். தேவைப்பட்டவர்கள் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். தேவைப்படாதவர்களும் கேட்டுக்கொண்டு, உள்ளே வரச்சொல்லி, காப்பி எப்படி வேண்டும் என்று விசாரித்தார்கள்.